யாருடைய ஆடு என்று நான் கேட்கவில்லை

என் அஞ்சலை அண்ணிக்கு,

நல்லா இருக்கியா என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. பழக்க தோஷம். நீ இருந்தவரை உனக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து நம்ம ஊருக்கு முக்கால் மணி நேர பஸ், கடிதம் எதற்கு? போன் பண்ணினால்கூட, "இன்னா தனம், நேர்ல வர்றதுக்குக் காலு வலிக்குதா?" என்றுதான் எடுத்ததும் கேட்பாய். இப்போது நேரில் பார்க்க வழியில்லை. நீ இருக்கும்போது வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார். தெருக்குழாய் வரைக்கும் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார், அங்கே போய் என்ன செய்வாரோ தெரியாது. மக்காச்சோளத்தில் இந்த வருஷமும் புழு, அதனால் கதிர் ஒடிக்கும் வேலை கம்மி. உன் பெண் சந்தியா பதினொன்றாவது முடித்துவிட்டாள். பன்னிரண்டாவது போவாளா மாட்டாளா என்பது இன்னும் தெரியவில்லை. அது தெரியாமல் இருப்பதற்குக் காரணம் நான்.

இன்னொரு சேதி, கேட்டால் சிரிப்பாய். எங்கள் ஆபீஸ் போட்ட புத்தகத்தில் உன் படம் வந்திருக்கிறது. வழவழவென்ற தாள், கலர் படம். இடுப்பில் ஒரு குட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறாய். கீழே "துயரிலிருந்து மீண்டெழுந்த ஒரு தாய்" என்று போட்டிருக்கிறார்கள். அடையாளம் தெரியக் கூடாது என்று உன் பெயரை மாற்றி லட்சுமி என்று வைத்திருக்கிறார்கள். எதிர்வீட்டு லட்சுமியோடு உனக்கு வருஷக்கணக்காகக் குழாயடிச் சண்டை என்பது பாவம் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பக்கத்தில் உன்னைப் பற்றி அச்சாகியிருக்கும் அத்தனையும் நான் எழுதிக் கொடுத்தது. அதில் முக்கியமானது எதுவும் உண்மையில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் இதை வேறு யாராவது படித்தால் புரிய வேண்டுமே, அதற்காக முதலிலிருந்து சொல்கிறேன். நிலம் இல்லாத கூலி வீடுகளுக்கு ஐந்து வெள்ளாடு கொடுத்து, வளர்க்கப் பயிற்சியும் கொடுத்து, இரண்டு வருஷம் கூடவே இருந்து பார்க்கும் திட்டம் ஒன்று நம்ம பக்கம் வந்தது. மழை பொய்த்தாலோ, சம்பாதிக்கிற ஆள் படுத்துவிட்டாலோ, அந்த வீடு அப்படியே குப்புற விழுந்துவிடக் கூடாது, பிடித்து நிற்க ஒன்று வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல திட்டம்தான். ஆடு வாங்கின வீடெல்லாம் பிடித்து நிற்கிறதா என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவது எங்கள் வேலை. தாங்குதிறன் மதிப்பீடு என்று அதற்குப் பெயர்.

அந்தப் பெயரை முதன்முதலில் உன்னிடம் சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "இன்னாது? நாங்க எவ்ளோ தாங்குவோம்னு அளந்து பாக்குறீங்களா? அளந்துட்டு?"

"தாங்க முடியாத வூடுன்னு தெரிஞ்சா ரெண்டாவது கட்டமா இன்னும் உதவி வரும் அண்ணி."

"தாங்கிக்கிற வூடுன்னா?"

"பாராட்டி ஒரு கடிதாசி வரும்."

"அப்ப தாங்காம இருக்கறதுதான் லாபம்" என்றாய். அன்றைக்கு நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அந்த இரண்டாம் கட்டத்தில் கொஞ்ச காலத்துக்கு மாத உதவி உண்டு, பிள்ளைகள் படிப்புக்கு உண்டு, கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால் அந்த நாளின் கூலியும் உண்டு. நன்றாகத் தெரிந்துதான் வைத்திருந்தேன்.

எங்கள் வேலைக்கு ஒரு விதி இருக்கிறது. சொந்த ஊரில், சொந்தக்காரர் வீட்டில் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. வேலைக்குச் சேரும்போதே எழுதி வாங்குவார்கள். நான் புருஷன் ஊரான தியாகதுருகத்தை மட்டும் எழுதிவிட்டு, நம்ம ஊர் இருக்கும் நைனார்பாளையம் பக்கம் எனக்கு யாரும் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். பிறந்த ஊரையும் எழுதியிருந்தால் இந்தப் பக்கத்து வேலையை எனக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள், மேற்பார்வையாளர் ஆகியிருக்க மாட்டேன். இது ஒரு காரணம். இதைவிட மட்டமான காரணம் ஒன்றும் உண்டு. ஆபீசில் பேச்சுவாக்கில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தேன். என் அண்ணி ஆடு வாங்கின பயனாளி என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த நாளுக்கு வருகிறேன். சென்னையிலிருந்து எங்கள் மேலதிகாரி வந்திருந்தார். நாங்கள் எழுத வேண்டிய வீடுகளில் சிலவற்றுக்கு அவரும் கூடவே வந்து பார்ப்பார், எந்த வீடு என்பதை டேப்லெட்டே பொறுக்கிக் கொடுக்கும். நாலு வீடு முடிந்தது. ஐந்தாவதாக உன் பெயர் வந்தது. எனக்குத் தலைவலி, நீங்கள் மட்டும் போய் வாருங்கள் சார் என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூடவே நடந்தேன்.

நீ தலையில் தழைக்கட்டோடு எதிரில் வந்தாய். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு, "தன..." என்று வாயெடுத்தாய். அதற்குள் பக்கத்தில் நின்றவரையும் என் முகத்தையும் பார்த்துவிட்டாய். என் முகத்தில் அப்படி என்ன இருந்தது அண்ணி? கட்டை இறக்கி வைத்துவிட்டு, தெரியாத பெண்ணைக் கும்பிடுவதுபோல் கும்பிட்டாய்.

"வாங்க மேடம். வாங்க சார். உக்காருங்க."

நான் உட்கார்ந்தேன். உன்னிடம் உன் பெயரைக் கேட்டேன்.

"அஞ்சலைங்க மேடம்."

"வீட்டுக்காரர் பேரும்மா?"

"அத நான் எப்டிங்க என் வாயால சொல்றது? ரேஷன் கார்டுல இருக்குதுங்க, பாத்து எழுதிக்கங்க" என்றாய். உன் உதட்டோரம் துடித்தது. சிரிப்பை அடக்குகிறாய் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. நீயும் நானும் தனியாக இருக்கும்போது அண்ணனை நீ என்னென்ன பெயரெல்லாம் சொல்லித் திட்டுவாய்! சார் தலையாட்டி, கிராமத்துப் பழக்கம் என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அடுத்தது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி. "போன மாசத்துல எப்பவாவது சாப்பாட்டைக் கம்மி பண்ணீங்களா? ஒரு வேளையை விட்டுட்டீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மேடம். மூணு வேளையும் ஆவுது."

இல்லை என்பதைத் தொட்டேன். அடுத்த கேள்வி வந்தது.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். வேறு யாராவது முகம் தெரியாத பெண் வந்து அதே கேள்வியைக் கேட்டிருந்தால் நீ உண்மையைச் சொல்லியிருப்பாய். கூச்சப்படுகிற ஆள் இல்லை நீ. ஆனால் கேட்டது நான். பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணின் காதில் அந்த வீட்டின் இல்லாமை விழக் கூடாது என்பது மருமகளாக வந்த நாளிலிருந்து நீ பிடித்துக்கொண்டிருந்த பழக்கம். நான் தீபாவளிக்கு வந்தால் எந்த வீட்டிலாவது அரிசி வாங்கி வந்தாவது வடித்துப் போடுவாய், எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றுவாய். நாத்தனாரிடமே சொல்லாத ஒன்றை நாத்தனாரின் மேலதிகாரி எதிரில் சொல்வாயா? சொந்தக்காரர் வீட்டில் கேட்காதே என்று விதி வைத்தவர்கள் நம்மை மாதிரி வீட்டைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். மீறினவள் நான்.

அப்புறம் ஆடு. சார் எழுந்து போய் எண்ணினார். ஏழு.

"நல்லா வளர்த்திருக்கீங்களேம்மா. ஏழு இருக்கா?"

"ஆமாங்க சார், ஏழு இருக்குதுங்க."

இருக்கிறதா என்று கேட்டார், இருக்கிறது என்றாய். அதில் என்ன பொய்? ஆனால் நான் ஆடுகளின் கொம்பைப் பார்த்தேன். பெரிய ஆடு அத்தனைக்கும் வலது கொம்பில் நீலப் பெயின்ட் அடித்திருந்தது.

நம்ம ஊரில் அந்த நீலம் யாருடையது என்று தெரியாதவர்கள் கிடையாது. தோப்புக்காரர் தன் ஆடு மாடு எல்லாவற்றுக்கும் அடிக்கிற பெயின்ட் அது. அவசரம் என்று வந்தால் கூலிக்காரர்கள் ஆட்டை அவரிடம்தான் விற்பார்கள். விற்ற ஆடு அவர் வீட்டுக்குப் போகாது. விற்றவர்களே அதை வாரத்துக்கு வளர்ப்பார்கள், குட்டி போட்டால் அவருக்குப் பாதி, வளர்த்தவருக்குப் பாதி. ஆடு அதே வாசலில் அதே கயிற்றில் நிற்கும். வெளியூர்க்காரர் கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியாது. கொம்பில் மட்டும் நீலம் ஏறியிருக்கும்.

அண்ணன் பெங்களூரில் சாரத்திலிருந்து விழுந்தபோது, ஆஸ்பத்திரிக்கு எப்படிச் சமாளித்தாய் என்று உன்னைக் கேட்டேன். "காப்பீட்டுக் கார்டு இருக்குதே தனம், அதுலயே பாத்துக்கினோம்" என்றாய். நம்பினேன். நம்பிவிடுவது எனக்கு வசதியாக இருந்தது. அந்தக் கொம்புகளைப் பார்த்த நிமிஷத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. ஆடுகள் என்றைக்கோ போய்விட்டன. உன்னிடம் இருந்தது தழை வெட்டிப் போடும் வேலை மட்டும்தான்.

"இது யாருடைய ஆடும்மா?" அவ்வளவுதான் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வி எங்கள் கேள்விகளில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசியில் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு, அது வேறு எதற்காக வைத்திருக்கிறார்கள்? கேட்டிருந்தால் உனக்கு எப்படித் தெரியும் தனம் என்று சார் கேட்டிருப்பார். பெயின்ட்டைப் பற்றித் தெரியும் என்றால் ஊர் தெரியும், ஊர் தெரியும் என்றால் வீடு தெரியும். அந்தக் கட்டத்தில் "ஆடுகள் ஆரோக்கியமாக உள்ளன" என்று எழுதினேன். நீ எங்களை வெயிலில் அனுப்ப மனசில்லாமல் மோர் கொண்டு வந்தாய். சார் படம் எடுத்தார். நான் மோரைக் குடித்துவிட்டு, நன்றிம்மா என்று சொன்னேன்.

சாயங்காலம் நீயே போன் பண்ணினாய். ஒரே சிரிப்பு. "இன்னா நாத்தனாரே, எப்டி நடிச்சேன்? சினிமாவுல சேத்துக்குவாங்களா?"

"நல்லா நடிச்ச அண்ணி."

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"ஒண்ணும் ஆவாது."

"அது போதும். சாப்ட்டியா?"

அப்போதும் கேட்கவில்லை. உன் சிரிப்பைக் கேட்டதும் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, அதைச் சொல்லவே நாக்கு கூசுகிறது. அடுத்த மாசம் பட்டியல் வந்தது. உன் வீடு மீண்டெழுந்த வீடு. பாராட்டுக் கடிதாசியை நீ அரிசிப் பானைக்கு மேலே செருகி வைத்திருந்தாய்.

மற்றதை நீளமாக எழுத எனக்குத் தெம்பில்லை. மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கப் போன இடத்தில் கட்டைக் குச்சி உன் குதிகாலில் ஏறியது. உனக்குச் சர்க்கரை வேறு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, தினமும் வந்து கட்டு மாற்ற வேண்டும் என்றார்கள். நீ ஒரே ஒரு நாள் போனாய். சிகிச்சை இலவசம்தான், ஆனால் போனால் அன்றைய கூலி போச்சு. காலில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக் கட்டிக்கொண்டு சேற்றில் நின்றாயாம். இரண்டாம் கட்டப் பட்டியலில் உன் வீடு இருந்திருந்தால் அந்த நாட்களுக்குக் கூலி வந்திருக்கும். நீ போயிருப்பாயா? போயிருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகத் தெரிந்துவிட்டால் என்னால் தாங்க முடியுமா என்பது தெரியவில்லை.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ பேசினது ஞாபகம் இருக்கிறது. "ஆட்டுக்குத் தழ போடணும், சந்தியாவுக்குச் சொல்லு." அடுத்தவர் ஆட்டுக்கு.

பதினாறாம் நாள் முடிந்ததும் தோப்புக்காரர் வந்தார். நல்லபடியாகத்தான் பேசினார். பார்த்துக்கொள்ள ஆளில்லை, ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறேன், உங்கள் பங்குக் குட்டியை விட்டுவிடுகிறேன் என்றார். தெருவே நின்று பார்த்தது, ஒருவருக்கும் அதில் ஆச்சரியமில்லை. நான் மட்டும், "ஐயையோ, ஆடு நம்முது இல்லையா?" என்று நெஞ்சில் கை வைத்தேன். உன் நடிப்பையும் தோற்கடித்துவிட்டேன் அண்ணி. சந்தியா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அழுவாத அத்தை. உனுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவன்னு அம்மாதான் சொல்ல வேணான்னுச்சு" என்றாள். தாயைப் பறிகொடுத்த பிள்ளை என் முதுகைத் தடவி எனக்கு ஆறுதல் சொல்கிறது. நான் அதை வாங்கிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த எல்லாவற்றிலும் இதுதான் எனக்கு மிகவும் அசிங்கமாகப் படுகிறது.

இரண்டு மாசம் கழித்து, திட்டத்தைக் கல்வராயன் மலைக்கும் கொண்டுபோகப் போகிறார்கள், கேள்வித்தாள் அங்கே சரிப்படுமா என்று பார்த்து வா என்று என்னை அனுப்பினார்கள். வெள்ளிமலைக்கு மேலே ஒரு ஊர். சாமை புடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் ஆடு எத்தனை என்று கேட்டேன். அவள் முறத்தை நிறுத்தாமல் சொன்னாள்.

"எங்களுது ரெண்டு. கீழ்நாட்டுக்காரரு வளக்க வுட்டது நாலு. நீ எத எழுதுவ?"

நான் கேள்வித்தாளைப் புரட்டினேன். "இன்னா பொண்ணு, இதுகூடவா கேக்காம எழுதுவீங்க?" என்று சிரித்தாள். அவள் ஏதோ விளையாட்டாகச் சொன்னாள். எனக்குச் செவிட்டில் அறை விழுந்த மாதிரி இருந்தது. மலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி வந்தது, எல்லோரும் வளைவினால் என்று நினைத்தார்கள்.

மறுநாள் சாரிடம் போனேன். போனேனே தவிர, பாதியைத்தான் சொன்னேன். நைனார்பாளையம் பக்கத்தில் அன்றைக்கு நீங்கள் படம் எடுத்த வீட்டில் ஆடெல்லாம் முன்பே விற்றுப்போன ஆடாம் சார், இப்போதுதான் கேள்விப்பட்டேன், அந்த அம்மாவும் தவறிவிட்டார்களாம் என்றேன். இப்போதுதான் கேள்விப்பட்டேனாம்! சார் நல்ல மனுஷர். அவர் முகம் வாடிவிட்டது. "திருத்தம் போட்டுடலாம் தனம். அந்தப் பொண்ணு படிப்புக்காவது வரட்டும்" என்று உடனே படிவத்தை எடுத்தார்.

படிவத்தில் காரணம் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று, பதிலளித்தவர் தவறான தகவல் தந்தார். மற்றொன்று, கணக்கெடுத்தவரின் தவறு. இரண்டாவதில் குறி போட்டால் விசாரணை வரும், நான் எழுதிய வீடு அத்தனையையும் திரும்பக் கேட்பார்கள். என் பேனா நின்றதைப் பார்த்துவிட்டு சார் சொன்னார்.

"அவங்கதான் இப்ப இல்லையேம்மா. அவங்க பேர்ல போட்டா யாருக்கும் கஷ்டமில்ல. வீட்டுக்கு உதவி போய்ச் சேரும்."

முதல் கட்டத்தில் குறி போட்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன். சந்தியா படிப்பாள், அதற்காகத்தான் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ்ஸில் சன்னல் ஓரம் இடம்கூடக் கிடைத்தது, சந்தோஷமாகத்தான் வந்தேன்.

படிவத்தில் வீட்டார் கையெழுத்து வேண்டும். அண்ணனுக்குப் படிக்க வராது, சந்தியா வாங்கிப் படித்தாள். பாடம் படிக்கிற மாதிரி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அப்புறம் தலை நிமிர்ந்தாள்.

"அம்மா பொய் சொல்லிச்சா அத்தை?"

"அது சும்மா ஆபீஸ் பாஷ சந்தியா. அப்டித்தான் எழுதுவாங்க."

"தவறான தகவல்னா பொய்தான? கையெழுத்து நீதான போட்டுகிற?"

"உன் படிப்புக்குத்தான்டி. கையெழுத்து போடு."

"எங்கம்மாவப் பொய்க்காரின்னு எழுதிக் குடுத்து நான் படிக்க வேணாம்" என்றாள். சத்தம் போடவில்லை. தாளை மடித்து என் கைப்பைக்குள் அவளே வைத்தாள். தெருப் பெண்கள் ரெண்டு பேர் திருப்பூர் மில்லுக்குப் போகிறார்களாம், தானும் போகிறேன் என்றாள். அண்ணன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது போய்ட்டு வரேன் என்றேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போய்விட்டாள். நான் பிளஸ் டூவில் தவறினபோது, ரேஷன் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு என்னை மறுபரீட்சைக்குக் கூட்டிக்கொண்டு போனவள் நீ. உன் பெண் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்லும்படி செய்தவள் நான்.

அதற்கப்புறம் பதினோரு நாள் ஆகிறது. இன்றைக்குப் புதுப் படிவம் எழுதிவிட்டேன். இரண்டாவது கட்டத்தில், கணக்கெடுத்தவரின் தவறு என்பதில், குறி. குறிப்பு எழுதும் இடம் போதாமல் தனித்தாள் வைத்து எழுதினேன். பதிலளித்தவர் என் அண்ணன் மனைவி. இதை மறைத்து வேலையில் சேர்ந்தேன், மறைத்தே கேள்வியும் கேட்டேன். ஆடுகள் அவருடையவை இல்லை என்பது அன்றே எனக்குத் தெரியும். அவர் சொன்னதில் தவறு இல்லை, கேட்டவள் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. நான் போன வீடு எல்லாவற்றிலும் ஆடு யாருடையது என்று திரும்பக் கேட்க வேண்டும், கேள்வித்தாளை இப்படியே மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. இவ்வளவும் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை கள்ளக்குறிச்சியில் மலைத் திட்டத்துக்கான கூட்டம், சாரும் வருகிறார், அங்கே கொடுக்கப் போகிறேன்.

வேலை போகும். போகட்டும் என்று வீரமாகச் சொல்ல வரவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. இதனால் சந்தியாவுக்கு உதவி வருமா என்பதும் தெரியாது. சொந்தக்காரி எழுதிய வீடு என்று பட்டியலிலிருந்தே அடித்துவிட்டால்? அப்படி அடித்தால் நான் என்ன வேலை செய்தாவது அவளைப் படிக்க வைப்பேன் என்று உன்னிடம் சொல்லலாம்தான். என்னிடமிருந்து அவள் வாங்கிக்கொள்வாளா?

அதனால் திங்கட்கிழமைக்கு முன்னால் ஒன்று பாக்கி இருக்கிறது. நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கொம்புகளை நான் பார்த்தேன் என்பது தெரியாது. தோப்புக்காரர் வந்த அன்றைக்கு நான் அழுதது நிஜம் என்றுதான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, முதல் பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன். இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லப் போகிறேன். மற்றவர்கள் படிப்பதெல்லாம் அவள் படித்த பிறகுதான்.

அவள் வேகமாகப் படிக்கிறவள் இல்லை, உனக்குத் தெரியும். நீலப் பெயின்ட் வருகிற இடத்தில் நிறுத்துவாள். தலை நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். அந்த நேரத்தில் எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிடும், வீட்டில் வேலை இருப்பது ஞாபகம் வந்துவிடும். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? உன் மேல் சத்தியம் அண்ணி, எழுந்து போக மாட்டேன். தலையைத் திருப்பிக்கொள்ள மாட்டேன், அழுது அவளை எனக்கு ஆறுதல் சொல்ல வைக்கவும் மாட்டேன். அவள் என்ன கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், கேட்டு முடிக்கிற வரைக்கும் அவள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன் வீட்டில் பிறந்த பெண்,
உன் நாத்தனார்,
தனம்